ஐயா ஏறினால் நிற்கும் ஜீப்

போன மாதம் திண்டிவனம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு தம்பி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்று அவரிடம் வந்திருந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று அணைந்துவிடுமாம். ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகுமாம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை என்று அது சத்தியம் செய்கிறது. நான் வண்டி ஓனரிடம் முதலில் கேட்டது, "நிக்கிற நேரத்துல உள்ள யார் யார் இருந்தாங்க?" என்பதுதான். அங்கே வேலை செய்கிற பையன்கள் சிரித்துவிட்டார்கள். பெருசு ஜோசியம் பார்க்குது என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. ஏன் அப்படிக் கேட்டேன் என்று நின்றுகொண்டே சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டூர். அப்பா, நாங்கள் நைனா என்போம், அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு பஸ் ஷெட்டில் சேர்ந்தேன். நாலு வருஷம் டைனமோ கழற்றினேன், பேட்டரிக்கு ஆசிட் ஊற்றினேன், சட்டையில் ஓட்டை விழாத வாரமே கிடையாது. அங்கேயே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் ஒரு அரசாங்க ஆபீசில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தேன். கிராமங்களுக்குக் கிணறும் ரோடும் பள்ளிக்கூடக் கட்டடமும் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். பெயர் வேண்டாம். வேலை டெம்பரவரிதான். ஆனாலும் எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். சேர்ந்த வாரம் நைனா தெரு முழுக்க நடந்தே சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஜீப் எனக்கு வயதில் மூத்தது. மிலிட்டரியில் ஓடி, ஏலத்தில் வந்து, எத்தனையோ கை மாறி எங்களிடம் சேர்ந்தது. பச்சைப் பெயின்டுக்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் மறுபடி பச்சை. முன்னால் இரண்டே ஸீட். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. முன் ஸீட்டில் ஆபீசரைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். ஹெட் கிளார்க்கே பின்னால்தான், ஃபைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்குவார்.

ஆபீசர் பெயர் சபாநாயகம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி, வெள்ளை முழுக்கைச் சட்டை, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். அது எனக்குப் பெரிய அதிசயம். அதுவரை என்னைவிட மேலே இருந்த ஒருத்தரும் எனக்கு அந்த மரியாதை கொடுத்ததில்லை. முதல் நாள் "ஏழுமலை, போகலாமா?" என்று அவர் கேட்டபோது, என் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கோபம் வந்தால் திட்ட மாட்டார். எழுதிவிடுவார். மெமோ வரும். நம்பர் போட்ட கேள்விகள், அழகான கையெழுத்து. ஆபீசில் அத்தனை பேரும் திட்டு வாங்கவே ஏங்கினார்கள். திட்டு காற்றோடு போய்விடும், மெமோ ஃபைலில் தங்கிவிடும்.

இன்னொரு குணம், ஜீப்பில் ஏறிவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டார். நேரே ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பெரிய ஆபீசர், டிரைவரோடு என்ன பேச்சு என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

சேர்ந்த ஐந்தாம் நாள் வண்டி முதல் தடவை நின்றது. திருவண்ணாமலை ரோடு கோட்டைச் சுவரை வெட்டிக்கொண்டு போகிற இடம். ரோடு அங்கே குறுகும். எதிரே கரும்பு லாரி. நான் ஓரம் கட்டி மெதுவாகப் போகும்போது இஞ்சின் சத்தமில்லாமல் செத்தது. சார்ஜ் மீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. லாரி போனதும் ஐயா இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நின்றார். நான் பானெட்டைத் திறந்து பேட்டரி கம்பியை ஆட்டினேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது. நான் சரி செய்துவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

அடுத்த வாரம் அனந்தபுரத்து ஏரிக்கரை மேல் நின்றது. அதற்கடுத்து தளவானூர் போகிற வண்டித் தடத்தில். சில நேரம் முழுசாக நிற்காது, ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓடும். வேகமாகப் போனால் தும்மல், மெதுவாகப் போனால் சாவு. அதுவரை எனக்குப் புரிந்தது. கரண்ட் ஒரு கணம் அறுகிறது. வேகத்தில் இருந்தால் சக்கரமே இஞ்சினைச் சுற்றி, கரண்ட் திரும்பியதும் பிடித்துக்கொள்கிறது. மெதுவாகப் போனால் அதற்குள் நின்றுவிடுகிறது. ஆனால் எங்கே அறுகிறது?

முறைப்படி ஆரம்பித்தேன். பேட்டரி முனைகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, கிரீஸ் வைத்து முடுக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டை உரசி, கன்டென்ஸரை மாற்றினேன். சாவி போடுகிற ஸ்விட்சையே புதிதாக மாட்டினேன். சின்ன பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைக் கட்டி டெஸ்ட் பல்பு செய்து, பேட்டரியிலிருந்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் வரைக்கும் ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் பல்பு ஜம்மென்று எரிந்தது. நானே தனியாகத் திண்டிவனம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். பள்ளத்தில் இறக்கினேன், மேட்டில் ஏற்றினேன். முப்பது மைலுக்கும் மேல். ஒரு தும்மல் இல்லை. மறுநாள் ஐயா ஏறினார். கோட்டைச் சுவரைத் தாண்டவில்லை.

"ஐயாவுக்கு ஏழரைச் சனிடா" என்றார் ஹெட் கிளார்க். "வண்டி மேல தப்பு இல்ல."

பியூன் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து கட்டினான். அது காய்கிற வரைக்கும் இரண்டு தடவை நின்றது.

ஹெட் கிளார்க்தான் எனக்கு இன்னொரு விஷயத்தையும் சொன்னார். எனக்கு முன்னால் அந்த ஜீப்பை ஓட்டியவர் கன்னியப்பன். பர்மனென்ட் டிரைவர், மூன்று பிள்ளைக்காரர். அவர் காலத்திலும் இதே கதை. வண்டியை வேண்டுமென்றே டீக்கடை பக்கமாக நிறுத்துகிறார் என்று ஐயாவுக்குச் சந்தேகம். ஒன்பது தடவை நின்றது என்று தேதி போட்டு மெமோ. பதில் திருப்தியாக இல்லை, வேலை போய்விட்டது. இப்போது ஒரு ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றுகிற லாரியோடு போய்க்கொண்டிருக்கிறார்.

"அவன் ஒன்பது. நீ எத்தினி?" என்று கேட்டார் ஹெட் கிளார்க்.

"ஆறு."

"பார்த்து நடந்துக்க. உன் பர்மனென்ட் காகிதம் ஐயா மேசை மேலதான் இருக்குது."

ஏழாவதுதான் பெரிசாகப் போயிற்று. தளவானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு. ஜில்லாவிலிருந்து மேலதிகாரி வருகிறார். நேர் வழியில் கல்வெர்ட்டுப் பாலம் உடைந்திருந்ததால் ஆற்று மணலில் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. அப்போதுதான் அந்த ஜீப்புக்கே வேலை. குட்டை லீவரைத் தள்ளினால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நான் தள்ளினேன். முழங்கால் தண்ணீர், அடியில் மணல். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பிடித்து, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் முள் விழுந்தது. இஞ்சின் செத்தது.

நின்ற வண்டி மணலில் அரை சாண் இறங்கிவிட்டது. சபாநாயகம் ஐயா செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஃபைலுமாகத் தண்ணீரில் நடந்தார். நான் ஓடிப்போய் ஃபைலையாவது வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "நீங்க வண்டியைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்வதற்குள் திறப்பு முடிந்து, மேலதிகாரி சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டே போய்விட்டாராம். மாடு பூட்டி வண்டியை இழுத்து வெளியே போட்டதும் முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆயிற்று. அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் மெமோ. நாலு கேள்வி. முதல் மூன்றும் எங்கே, எப்போது, என்ன பழுது பார்த்தீர்கள். நாலாவது இது: "தாங்கள் தனியே ஓட்டும்போது நிற்காத ஊர்தி, நான் அமர்ந்திருக்கும்போது மட்டும் நிற்பதன் காரணம் யாது?" ஏழு நாளில் பதில்.

படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், கேள்வி நியாயமானது. நானும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறுகிற ஆளைப் பார்க்கவில்லை.

முதலில் எடையாக இருக்கலாம் என்று தோன்றியது. ஐயா ஸீட்டில் சிமென்ட் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டு அனந்தபுரம் வரை போனேன். வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூட்டை சௌக்கியமாகப் போய்த் திரும்பியது. அடுத்து, வண்டி நின்ற இடங்களை ஒரு காகிதத்தில் எழுதினேன். கோட்டைச் சுவர் நெருக்குகிற இடம், ஏரிக்கரை, வண்டித் தடம், ஆறு. சில இடம் மேடு, சில இடம் சமம். சில நாள் வெயில், சில நாள் மழைக் காற்று. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

மூன்றாம் நாள் ஐயாவை அனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏரிக்கரை ஏறினோம். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் சரிவு. எதிரே வைக்கோல் ஏற்றின லாரி. சாதாரணமாக அப்போது நான் லாரியைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு அரைக் கண்ணால் ஐயாவைப் பார்த்தேன்.

மீட்டர் பதித்த முன் தகட்டில் ஐயா பக்கமாக ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும். குலுங்கும்போது பிடித்துக்கொள்ள. ஐயா அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்று சொன்னால் போதாது. கால் இரண்டையும் தரையில் ஊன்றி, கிணற்றிலிருந்து யாரையோ தூக்குவது போல இழுத்துக்கொண்டிருந்தார். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. உதடு ஏதோ முணுமுணுத்தது.

முள் விழுந்தது. இஞ்சின் நின்றது. லாரி உரசிக்கொண்டு போயிற்று. ஐயா கையை எடுத்தார். முள் லேசாகச் சிலிர்த்து எழுந்தது.

நான் இறங்கவே இல்லை. பானெட்டையும் திறக்கவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தினேன், கிளம்பினேன். ஐயா முதல் தடவையாக ஜீப்பில் பேசினார்.

"என்ன, திறந்து பார்க்கலையா?"

"ஆபீசுக்குப் போய்ப் பார்க்கிறேங்க ஐயா."

ஆபீசுக்குப் பின்னால் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். சாவியைப் போட்டு, டெஸ்ட் பல்பின் ஒரு முனையைக் காயிலிலும் இன்னொன்றை இரும்பிலும் கொடுத்து, பல்பை ஸ்டீயரிங்கில் கட்டினேன். எரிந்தது. ஐயா ஸீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தேன். எரிந்தது. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அணைந்தது. விட்டேன், எரிந்தது. பத்துத் தடவை செய்து பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று என் வீட்டுக்காரி கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவேன்.

தகட்டின் பின்னால் தலையை விட்டு டார்ச் அடித்தேன். சார்ஜ் மீட்டரிலிருந்து ஸ்விட்சுக்கு வருகிற ஒயர், கைப்பிடியின் போல்ட்டு மேல் சாய்ந்து வந்தது. யாரோ எந்தக் காலத்திலோ நீளம் பத்தாத ஒயரை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். மேலே துணி உறை முழுசாக இருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் உள்ளே எலும்பே இல்லாதது போல மடங்கியது. செம்பு உள்ளுக்குள் அறுந்து, இரண்டு முனையும் சும்மா தொட்டுக்கொண்டு நின்றன. கைப்பிடியை இழுத்தால் தகடு மயிரிழை வளையும், முனைகள் பிரியும்.

நாலு அங்குல ஒயர். ஐந்து நிமிஷ வேலை. மாற்றிவிட்டு, "ஒயர் அறுந்திருந்தது, சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நாலாவது கேள்விக்கு அது பதில் இல்லை. சபாநாயகம் ஐயா விட மாட்டார். உண்மையான பதிலை எழுதினால் அது ஹெட் கிளார்க் கைக்குப் போகும், அங்கிருந்து செஞ்சி கடைத்தெரு முழுக்கப் போகும். ஆபீசர் ஜீப்பில் போகப் பயப்படுகிறார் என்று எந்த டிரைவர் எழுதுவான்?

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து உள்ளே போனேன்.

"ஐயா, அந்த நாலாவது கேள்விக்குப் பதில் எழுதத் தெரியலைங்க. வந்து உக்காந்தீங்கன்னா காட்டிடுறேன்."

குடையை எடுத்துக்கொண்டு வந்தார். ஸீட்டில் உட்கார்ந்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அந்தக் கைப்பிடியைப் பிடிங்க ஐயா."

பிடித்தார். பல்பு எரிந்தது.

"இது இல்லீங்க. எப்பவும் பிடிப்பீங்களே, அப்படி."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காலை ஊன்றினார். இழுத்தார். பல்பு அணைந்தது. விட்டார், எரிந்தது. மறுபடி இழுத்தார், விட்டார். நான் வேண்டுமென்றே பக்கத்தில் நிற்காமல் பின்னால் போய் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வாங்க" என்றார்.

போனேன். முழுக்கைச் சட்டையை ஒரு பக்கம் மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமான தழும்பு.

"முன்னால இருந்த ஊர்ல ஜீப் உருண்டுடுச்சு. ஓட்டினவர் என் பக்கத்துலயே போயிட்டார். அதுலேர்ந்து ஏறி உட்கார்ந்தா எனக்கு வாய் திறக்க வராது. யாருக்கும் சொன்னதில்லை."

"நானும் யாருக்கும் சொல்லலைங்க. சொல்லவும் மாட்டேன்."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "கன்னியப்பன் என்கிட்ட மூணு தடவை சொன்னார், நான் நிறுத்தலை, அதுவா நிக்குதுன்னு" என்றார். "நான் நம்பலை."

அன்று சாயங்காலம் ஒயரை மாற்றினேன். மறுநாள் வண்டி லாக் புத்தகத்தில் ஐயாவே எழுதியிருந்தார். கையெழுத்து அதே அழகு. "கோளாறின் காரணம்: பழைய மின்கம்பி அறுந்திருந்ததும், அலுவலராகிய நான் அச்சத்தினால் கைப்பிடியை அளவுக்கு மீறி இழுத்ததும். ஓட்டுநர்கள் இருவர் மீதும் தவறில்லை." ஹெட் கிளார்க் அதை மூன்று தடவை படித்தார். மூடி வைத்தார். கடைத்தெருவுக்கு அந்தச் செய்தி போகவே இல்லை. அவரை அதற்கு முன் நான் தப்பாக எடை போட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஐயா என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

"கன்னியப்பனைத் திரும்ப எடுக்க எழுதிட்டேன். இந்த ஆபீசுக்கு டிரைவர் போஸ்ட் ஒண்ணுதான், ஏழுமலை."

சரிங்க ஐயா என்றேன். வெளியே வந்தேன். தொண்டூர் வரைக்கும் சைக்கிள் மிதித்துக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டேன். நாலு அங்குல ஒயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் பர்மனென்ட். உனக்கு ஏன்டா பல்பு கட்டி வேடிக்கை காட்டுகிற வேலை என்று. வீட்டில் நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தாளுக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டார்.

"மூணு."

"அப்பறம் இன்னா" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஐயா ஒரு கவரைக் கொடுத்தார். விழுப்புரத்தில் வண்டிகள் பழுது பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சிபாரிசு. எட்டுத் தடவை நின்றது, என்னென்ன மாற்றினேன், சிமென்ட் மூட்டை, டெஸ்ட் பல்பு, ஒன்று விடாமல் அதில் எழுதியிருந்தார். ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கே முப்பத்தொரு வருஷம் இருந்தேன். அந்த வேலையில்தான் கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம்.

ஜீப்பை ஒப்படைக்கிற நாள் கன்னியப்பன் காலையிலேயே வந்துவிட்டார். நாற்பது வயது, கட்டை மீசை, தோளில் மில் தவிடு ஒட்டின துண்டு. டூல்ஸ் பெட்டி, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டார். நான் புது ஒயரைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"இத்தினியூண்டு ஒயரா?"

"ஆமாண்ணே."

"இதுக்காடா இத்தினி மாசம் மூட்டை தூக்கினேன்" என்று அதை விரலால் சுண்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மெமோவுல ஒன்பது தடவன்னு போட்டிருந்தாங்க இல்ல?"

"ஆமா."

"வண்டி நின்னது ஏழுதான்."

"மிச்சம் ரெண்டு?"

"அனந்தபுரத்துல ஒருத்தன் வடை சூடா போடுவான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் ஆபீஸ் கதவு திறந்தது. சபாநாயகம் ஐயா குடை இல்லாமல் வெறுங்கையோடு வெளியே வந்தார். நேரே கன்னியப்பன் முன்னால் நின்று கை கூப்பினார்.

"கன்னியப்பன், நான் உங்களுக்குப் பெரிய தப்பு பண்ணிட்டேன். ஒன்பது தடவையும் உங்க மேல பழி போட்டேன். மன்னிக்கணும்."

கன்னியப்பன் முகம் சிவந்துவிட்டது. ஐயாவைப் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்தார். "ஐயோ, எல்லாமே உங்க மேலதான்னு சொல்ல முடியாதுங்க" என்று ஆரம்பித்து, அது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். நான் விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, என் துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.